ஓய்வின் பயன்கள் யாவை?

"ஓய்வின் பயன்கள் யாவை?"

"ஒண்ணு, உடற்களைப்பு நீங்குகிறது. ரெண்டு, உள்ளம் புத்துணர்ச்சி பெறுகிறது. மூணு, சிந்தனைத் திறன் வளர்கிறது. நாலு... நாலு வந்து..."

"ம், நாலு?"

"மறந்து போச்சும்மா."

"நேத்தும் இதே நாலுலதான் நின்னே. விளையாடப் போகணும்னா முழுசா ஒப்பிச்சுட்டுப் போ. அதுவரைக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சாயங்கால நேரம். கீழே சந்தில் பிள்ளைகள் பந்தைச் சுவரில் அடித்து அடித்து வீட்டுக்காரர்களின் சாபத்தைச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். மேலே, இரண்டாம் மாடியில், ஓய்வு என்றால் என்னவென்று ஒரு பெண் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நாம் ஒட்டுக் கேட்டோம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பதைச் சுவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு என்பார்கள்.

கேள்வி கேட்ட அம்மா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இப்போது கட்டடம் முழுக்க அவரைப் 'பாடத்திட்ட டீச்சர்' என்றுதான் சொல்கிறது. பாடத்திட்ட மேம்பாட்டுக் குழுவில் அவரை உறுப்பினராகப் போட்டதிலிருந்து வந்த பட்டம் அது. பதில் சொல்ல முடியாமல் விழித்த பெண் எட்டாம் வகுப்பு. அவளுக்கு 'சாவி' என்று பெயர் வைத்ததும் கட்டடம்தான். யார் வீட்டுக் கதவு மக்கர் பண்ணினாலும், பெட்டியின் பூட்டு பிடிவாதம் பிடித்தாலும், "அந்தச் சாவியைக் கூப்பிடு" என்பார்கள். வருவாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவுவாள். காதைப் பூட்டின் மேல் வைத்து, ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே நோண்டுவாள். பூட்டு தானாக மனசு மாறித் திறந்துகொண்டதுபோல் இருக்கும். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா, "இவளைக் கட்டிக்கப் போறவன் பீரோவைப் பூட்டி ஒரு பிரயோஜனமும் இல்லடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் ஒரே இடத்தில் உட்கார்ந்து நாலாவது பயனைத் தேடிக்கொண்டிருந்தாள் என்றால், அதற்குக் காரணம் அவளைப் பெற்றவரே. அந்தப் பாடத்தை எழுதியதும் அவர்தான்.

டீச்சரைக் குறை சொல்லவும் முடியாது. குழுவுக்கு முதல் நாள் கிளம்பிப் போனபோது என்ன வேகம்! "பிள்ளைங்க பொதி சுமக்குறாங்க. பாதியையாவது வெட்டி எறிஞ்சுட்டுத்தான் வருவேன்" என்று படியிறங்கும்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "வெட்டுறது இருக்கட்டும், சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போறே பாரு" என்று பின்னாலேயே ஓடினார்.

அந்தக் குழு நடக்கும் அறை பெரியது. நடுவில் நீள மேசை. சுவரோரம் பழைய பாடநூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் படித்தவர்கள், பண்பானவர்கள், ஒருவர் மனம் கோணாமல் இன்னொருவர் பார்த்துக்கொள்பவர்கள். வம்பே அந்தப் பண்பில்தான் இருந்தது.

டீச்சர் எழுந்து, "சார், வரலாத்துல பழைய வரிமுறைகள்னு ஒரு பாடம் இருக்கே. அதைப் பிள்ளைங்க முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம தவிக்குதுங்க. எடுத்துடலாமா?" என்றார்.

எதிரில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் முகம் சுருங்கியது. பக்கத்தில் இருந்தவர் டீச்சரின் காதோடு, "அது அவர் எழுதின பாடம்மா" என்றார்.

"சரி, கணக்குல பெரிய பெரிய எண்ணுக்கெல்லாம் கையால வர்க்கமூலம்..."

குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் ஆசிரியர் எழுதினதும்மா. அவர் இப்ப இல்ல. அவர் போனதும் பாடத்தையும் தூக்கிட்டோம்னு ஆகிடக் கூடாதில்ல?"

"அப்ப பூகோளத்துல அந்தக் காத்து மண்டலங்கள்?"

"அவரே இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருக்கார். இந்த நேரத்துல போய்ச் சொன்னா தாங்குவாரா?"

இதுதான் அந்த மேசையின் வழக்கம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தகப்பனார் அங்கே உட்கார்ந்திருந்தார், அல்லது படமாகச் சுவரில் தொங்கினார். சேர்க்கலாம், சேர்த்தால் கைதட்டல். எடுப்பது மட்டும் இழவு வீட்டில் பங்கு கேட்பதுபோல. அதனால் வருஷா வருஷம் மேம்பாடு நடந்தது, புத்தகமும் வருஷா வருஷம் ஊதியது.

டீச்சருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எதையும் எடுக்க மாட்டோம்னா, பிள்ளைங்க எப்பத்தான் சார் விளையாடும்? ஓய்வுன்னு ஒண்ணு வேணாமா?"

தலைவர் மேசையைத் தட்டினார். "அருமை! ஓய்வு! பாருங்க, இவ்வளவு பெரிய விஷயம் நம்ம பாடத்திட்டத்துலயே இல்ல. டீச்சர், இதை நீங்களே ஒரு பாடமா எழுதிடுங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்தான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். எதிர்க்கப் போனவர் எழுத்தாளராகத் திரும்பி வந்தார்.

பாடம் தனிப் புத்தகமாகவே அச்சாகி, சில பள்ளிகளுக்கு மட்டும் முன்னோட்டமாக வந்தது. பளபளவென்று வழுவழு அட்டை. 'ஓய்வும் விளையாட்டும்'. அட்டையின் கீழேயே டீச்சரின் பெயர். அதை அவர் அண்டை அயலுக்குக் காட்டினார், சொந்தக்காரர்களுக்குக் காட்டினார், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்கும் காட்டினார். அந்த மனிதர் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே, "ஓய்வா? நல்ல விஷயம்மா, எங்க இறக்கி வைக்கட்டும்?" என்றார்.

முன்னோட்டப் பள்ளிகளில் சாவியின் பள்ளியும் ஒன்று. பாடம் என்று வந்துவிட்டால் கேள்வி வரும்; கேள்வி வந்தால் மதிப்பெண் வரும். முதல் தேர்வில், 'ஓய்வு நேரத்தில் நீ செய்வன யாவை?' என்று கேட்டிருந்தார்கள். 'பூட்டுத் திறப்பேன்' என்று எழுதினாள் சாவி. விடைக்குறிப்பில் தோட்டவேலை, இசை, நூல் வாசிப்பு, நடைப்பயிற்சி என்றுதான் இருந்தது. பூட்டு இல்லை. பெரிய சுழியம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். விடைக்குறிப்பை எழுதியது யார் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

டீச்சர் நியாயம் கேட்கக் குழுவுக்குப் போனார். "பிள்ளைங்களுக்கு இந்தப் பாடம் கஷ்டமா இருக்கு சார்."

"கஷ்டமா இருக்குன்னா பயிற்சி போதலைன்னு அர்த்தம். ஒரு பயிற்சி ஏடு சேர்த்துடலாம். நீங்களே எழுதிடுங்க."

பயிற்சி ஏடு வந்தது. அடுத்த கூட்டத்தில், "பயிற்சி ஏட்டைப் பார்த்துப் பிள்ளைங்க மிரளுதுங்க சார்" என்றார்.

"அப்ப மன அழுத்தத்தைக் கையாளும் முறைகள்னு பின்னிணைப்பு ஒண்ணு போடுங்க. பிரமாதமா இருக்கும்."

வாயைத் திறந்தால் ஒரு பக்கம் கூடியது. திறக்காமல் இருந்தால் இருப்பது இருந்தது. கடைத்தெருவில் ஒரு டியூஷன்காரர், 'ஓய்வுப் பாடத்துக்குச் சிறப்பு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை' என்று பலகையே மாட்டிவிட்டார்.

விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்பீர்கள். வர முடியாத மாதிரி ஒரு கயிறு இருந்தது. பாடத்திட்ட அலுவலகத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியாகிறது, அது உங்களுக்குத்தான் என்று தலைவர் காதில் போட்டு வைத்திருந்தார். வருஷக் கணக்கில் வகுப்பறையில் நின்று நின்று டீச்சரின் முழங்கால் இரண்டும் படியேறும்போது அழுதன. நாற்காலி என்றாலே அவருக்குக் கண் கலங்கும். இன்னொரு கயிறும் இருந்தது. அதைப் பள்ளியில் சக டீச்சர்கள் முறுக்கினார்கள். "எழுதினவங்க பொண்ணே ஃபெயிலாமே!" அதற்கு டீச்சர் கண்ட வழிதான் நாம் ஆரம்பத்தில் பார்த்தது. ஓய்வின் பயன்களை ஒப்பிக்கிற வரைக்கும் விளையாட்டு கிடையாது.

சாவி அடங்கிப் போனாள். எதிர்த்துப் பேசினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். முனகல் பாட்டு நின்றது. மேல்வீட்டுப் பெட்டி ஒன்று திறக்காமல் கிடந்து, கடைசியில் சுத்தியலால் உடைத்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "அது படிக்குது, பாவம்" என்றார்கள். காலையில் எழுந்தால் வயிற்றுவலி. டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லா ஓய்வு எடுக்கணும்மா" என்றார்.

அவ்வளவுதான். சாவி விம்மிவிட்டாள். "எடுத்துட்டுத்தான் டாக்டர் இருக்கேன். நாலாவது பாயின்ட்தான் வரவே மாட்டேங்குது."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் கடைக்காரர், "ஏம்மா, பொண்ணு முகத்தைப் பாத்தியா?" என்றார்.

"இப்ப நான் என்ன பண்ண முடியும்? நான் எழுதினதை நானே வேணாம்னு சொன்னா ஊர் சிரிக்காதா?"

"இப்பவும் சிரிச்சுட்டுத்தான் இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தவர், பிழைப்புத் தெரிந்த மனிதர் என்பதால், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த நிலைமையில் குழுவின் கடைசிக் கூட்டம் வந்தது. அன்றைக்கு எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டால் பாடத்திட்டம் அச்சுக்குப் போகும். அதன் பிறகு எல்லாப் பள்ளிக்கும், எல்லாப் பிள்ளைக்கும் அதுதான். முன்னோட்டத்தில் அகப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். இனி மிச்சம் யாருமில்லை.

அன்று காலை டீச்சர் குளித்து, புடவை கட்டி, பாத்ரூம் கண்ணாடியில் பொட்டைச் சரி பார்த்துவிட்டுக் கைப்பிடியைத் திருகினார். திரும்பியது, கதவு திறக்கவில்லை. மறுபடி திருகினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

முதலில் கணவரைக் கூப்பிட்டார். அவர் கடையில் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் கத்தினார். நம் கட்டடத்தில் கத்தலுக்கு உடனே பலன் உண்டு. வாசல் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. நிமிஷத்தில் பாத்ரூம் முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

"கதவை உடைச்சிடலாம்" என்றார் மேல்வீட்டுக்காரர். பெட்டியை உடைத்த கை இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

"உள்ள ஆள் நிக்கிறாங்க, உடைக்கிறாராம்! ஏம்மா, உள்ள தண்ணி வருதா?" என்றார் தையல்கார அக்கா.

"தண்ணி எதுக்கு அக்கா? எனக்கு மீட்டிங் இருக்கு!"

"சும்மா கேட்டேன். எங்க வீட்டுல வரல."

"சாவி எங்கே? சாவியைக் கூப்பிடுங்க!" என்றார் டீச்சர் உள்ளிருந்து.

சாவி பக்கத்து அறையில்தான் இருந்தாள். மேசைக்கு முன்னால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. அவ்வளவு அமளியிலும் எழுந்திருக்கவில்லை. தையல்கார அக்கா போய்த் தோளைத் தொட்டார். "என்னடி, அம்மா மாட்டிக்கிட்டாங்க, உக்காந்திருக்கே?"

"இன்னும் ஒப்பிக்கலை அக்கா. ஒப்பிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அவள் குரலில் பழிவாங்கல் இல்லை. குறும்பும் இல்லை. நிஜமாகவே சொன்னாள். அதுதான் கதவைத் தாண்டிப் போய் உள்ளே இருந்தவரை அடித்தது. சும்மாவா, அந்தச் சுவர்கள் வழியே எல்லாம் கேட்கும்.

உள்ளே நிற்க இடமில்லை, உட்கார வழியில்லை. சின்ன ஜன்னலில் கம்பி. டீச்சர் ஈரத்தரையில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மகள் ஒவ்வொரு சாயங்காலமும் இப்படித்தான் இருந்திருப்பாளோ? அவருக்கு ஒரு எண்ணம் ஓடியது. நாலாவது பயன் என்ன? அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளை எழுந்து வந்துவிடுமே! ஒண்ணு, உடற்களைப்பு. ரெண்டு, புத்துணர்ச்சி. மூணு, சிந்தனை. நாலு... எழுதிய கை, திருத்திய கை, அச்சுக்கு அனுப்பிய கை எல்லாம் அவருடையதுதான். நாலாவது வரவில்லை.

"சாவி," என்றார். "எழுந்து வாம்மா. ஒப்பிக்க வேணாம்."

சாவி வந்தாள். ஹேர்பின்னை உருவினாள். ஒரு தடவை கீறல் சத்தம், நின்றது. மறுபடி கீறல்; மறுபடி நின்றது.

"கை மறந்து போச்சும்மா."

"பரவாயில்ல. மெதுவாப் பாரு."

"பின் பத்தாது. கதவு இடுக்குல விடறதுக்கு வழுவழுன்னு ஏதாவது வேணும். மடங்கணும், ஒடியக் கூடாது." பக்கத்து அறை மேசையைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா... உன் புத்தக அட்டை சரியா இருக்கும். ஆனா கிழிக்கணும்."

டீச்சரின் பெயர் போட்ட அட்டை என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும்தான் காட்டியிருந்தாரே.

"கிழி" என்றார் டீச்சர்.

சர்ரென்று ஒரு சத்தம். அட்டை இடுக்கில் நுழைந்தது. சாவி காதைக் கதவில் வைத்தாள். பிறகு, அவளுக்கே தெரியாமல், வாய்க்குள் அந்தப் பாட்டு முனகலாக வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அதைக் கேட்ட டீச்சர் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். க்ளிக். கதவு திறந்தது. அந்தப் புத்தகம் ஒரு பிள்ளைக்கு உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

கூட்டத்துக்கு டீச்சர் தாமதமாகப் போனார். புடவை ஓரம் ஈரம். அங்கே நடந்தது நமக்கு எப்படித் தெரியும் என்றால், டீ கொடுக்கப் போகிறவர் நம் தெருக்காரர். டீயை ஆற்றி ஆற்றிக் கொடுப்பார்; காது ஆறாது.

தலைவர் பேனாவை நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை.

"ஓய்வுப் பாடத்தை எடுத்துடுங்க சார். அதை எடுத்தாத்தான் கையெழுத்து."

"எடுக்கிறதா?" தலைவருக்கு அந்த வார்த்தையே புதிதாக இருந்தது. "ஏன்? யாராவது குறை சொன்னாங்களா?"

"நான்தான் சொல்றேன். இதுக்கு நீங்க எல்லாரும் ஒப்புதல் கொடுத்தீங்களே, ஓய்வோட நாலாவது பயன் என்ன? யாராவது சொல்லுங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது. இதைச் சொல்லலைன்னு என் பொண்ணை நான் எழுந்திருக்கவே விடலை."

தலைவர் மெதுவாக, "புரியுது. நல்ல அனுபவம். இதையே 'சுமையைக் குறைப்பது எப்படி'ன்னு ஒரு பாடமா..." என்றார்.

"எழுத மாட்டேன் சார்."

"அப்ப அந்த நிரந்தர இடம்..."

"நின்னே பாடம் எடுத்துக்கிறேன்."

கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. முணுமுணுப்பு, பெருமூச்சு, எல்லாம் ஆனபிறகு தலைவர் பாடத்தை அடித்தார். எடுக்கும் முறை என்று ஒன்று விதியிலேயே இல்லாததால், எந்த மையில் அடிப்பது என்று ஒரு விவாதம் நடந்ததாம். அடித்து முடித்ததும்தான் வேடிக்கை. வாரத்தில் ஒரு பாடவேளை காலியாக நின்றது. உடனே வெள்ளைச் சட்டைக்காரர், "வரிமுறைக்கு நேரமே பத்தலை, அதை எனக்குக் கொடுத்துடுங்க" என்றார். கணக்குப் பாடத்துக்கான உறுப்பினர் வர்க்கமூலத்துக்குக் கேட்டார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"காலியாவே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"கால அட்டவணையில அந்தக் கட்டத்துல என்னம்மா போடறது?"

"ஒண்ணும் போட வேணாம்."

"ஒண்ணும் போடாம எப்படி?"

அப்போதுதான் டீச்சர் அந்தப் பேச்சைப் பேசினாராம். டீக்காரர் மனப்பாடமாகச் சொன்னார். ஒப்பிக்கச் சொல்லி யாரும் அவரை அடிக்கவில்லை. "சார், சேர்க்கிறது மட்டும்தான் மேம்பாடுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். எடுக்கிறதும் மேம்பாடுதான். ஆனா நாம எல்லாரும் அடுத்தவங்க பாடத்தை எடுக்கத்தான் தயார். நம்ம பாடத்தைத் தொட விடமாட்டோம். நம்ம மனசு நோகக் கூடாதுன்னு பிள்ளைங்களை மூச்சுத் திணற விட்டுட்டோம். பாடத்திட்டத்தைத் திருத்தணும்னா, முதல்ல அவங்கவங்க எழுதினதை அவங்கவங்க எடுக்கணும். நான் என்னுதை எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேறு யாரும் எதையும் எடுக்கவில்லை. வரிமுறைகள் அப்படியே இருக்கின்றன. காற்று மண்டலங்கள் அப்படியே வீசுகின்றன. அடுத்த குழுவில் டீச்சர் பெயர் இல்லை. முழங்கால் இன்னும் படியில் அழுகிறது.

ஆனால் எல்லாப் பள்ளியின் கால அட்டவணையிலும் அந்த ஒற்றைக் கட்டம் வெள்ளையாக இருக்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்துச் சில தலைமையாசிரியர்கள் விளக்கம் கேட்டு எழுதினார்களாம். பிள்ளைகள் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் சாவி வகுப்பின் பழைய அலமாரியைத் திறந்துவிட்டதாகக் கேள்வி.

அந்தக் கடைசிக் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் வீடு திரும்பிய டீச்சர், மேசை முன்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் போய் அட்டை கிழிந்த புத்தகத்தை மூடினார்.

"அம்மா, நாலாவது ஞாபகம் வந்துடுச்சு. சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றார் டீச்சர். "போய் விளையாடிட்டு வா."